மடக்குக் கத்தியை அதன் அச்சைக் கொண்டு மதிப்பிடுதல்

மடக்குக் கத்திகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் அலகின் எஃகு எந்த வகை, கைப்பிடி எதனால் ஆனது, பிடித்தால் கைக்கு எப்படி இருக்கிறது என்பவையே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அலகு மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். கைப்பிடியில் கீறல் விழுவதால் வெட்டு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அலகும் கைப்பிடியும் கூடும் இடத்திலுள்ள அச்சு தளர்ந்துவிட்டாலோ, அழுக்கு அடைந்து இறுகிவிட்டாலோ, எவ்வளவு உயர்ந்த எஃகாக இருந்தாலும் அந்தக் கத்தியை எடுத்துப் பயன்படுத்த மனம் வராது. ஆகவே இந்த மதிப்புரை அச்சு ஒன்றையே அளவுகோலாகக் கொள்கிறது. ஓபினெல் 8, விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. கத்தி, கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா, ஸ்பைடர்கோ பாராமிலிட்டரி 2, பெஞ்ச்மேடின் ஆக்சிஸ் பூட்டுக் கத்திகள் ஆகியவற்றோடு, இப்போது பரவலாக விற்கப்படும் பேரிங் வைத்த கத்திகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் அச்சும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அது அழுக்கானால் வைத்திருப்பவரே சரிசெய்துகொள்ள முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி.

அச்சுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். அலகின் இருபுறமும் 10 மி.மீ. விட்டமுள்ள வாஷர்கள் இருப்பதாகவும், அவற்றுக்கும் அலகுக்கும் இடையில் மொத்தமாக 0.05 மி.மீ. இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். எழுதும் தாளின் தடிமனில் பாதியளவே உள்ள அந்த இடைவெளி, 85 மி.மீ. நீளமுள்ள அலகின் நுனியில் 0.4 மி.மீ.க்கும் சற்று அதிகமான பக்கவாட்டு ஆட்டமாகப் பெருகுகிறது. விரலால் அசைத்தாலே தெரியும் அளவு அது. வாஷரின் விட்டத்தைப் பெரிதாக்கினால் இதே இடைவெளி நுனியில் குறைவாகத் தெரியும். அச்சுப் பகுதி அகலமாக உள்ள கத்திகள் உறுதியாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவான கத்தி பலவற்றில் அலகு ஒரே நேரத்தில் ஆடவும் செய்கிறது, திறக்கக் கடினமாகவும் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்று தோன்றலாம். வாஷர் அமரும் பரப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக அரைக்கப்படாதபோது அலகு ஒரு கோணத்தில் இறுகி, மற்றொரு கோணத்தில் தளர்கிறது. திருகை எப்படித் திருப்பினாலும் அந்தக் குறை போகாது.

அச்சுகளில் மிகப் பழையதும் எளியதும் ரிவெட் ஆகும். அலகு, கைப்பிடி இரண்டையும் ஊடுருவிச் செல்லும் ஓர் உலோக ஆணியின் இரு முனைகளையும் தட்டி அகலப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது. 1890இல் பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசஃப் ஓபினெல் செய்யத் தொடங்கிய கத்தி இன்றும் இந்த முறையில்தான் கட்டப்படுகிறது. வாஷர் இல்லை, பேரிங் இல்லை. மரக் கைப்பிடியில் அறுக்கப்பட்ட பிளவில் அலகு நேராக மரத்தையே உரசிக்கொண்டு சுழல்கிறது. 1955இல் சேர்க்கப்பட்ட வைரோப்ளாக் என்னும் சுழலும் வளையம் திறந்த அலகைப் பூட்டுகிறது. இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் மரமே. ஈரம் பட்டால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு தானாக வெளியே தலைகாட்டும். சவாய்க்காரர்களின் தட்டு என்று பிரெஞ்சில் இதற்குப் பெயரே உண்டு. நன்றாக உலரவிட்டால் இறுக்கம் பெரும்பாலும் தானே நீங்கிவிடும். உலர்ந்த பிறகும் இறுக்கம் இருந்தால், பிளவின் உட்புறத்தை மென்மையான உப்புத்தாளால் சிறிது தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவி ஊறவிடலாம். எண்ணெயை உலரவிடாமல் உடனே மடக்கி வைத்தால் அதுவே பிசினாகிக் கெடுதல் செய்யும். இதற்குமேல் ஓபினெலின் அச்சில் செய்ய எதுவும் இல்லை. அதைத் திறக்கவும் முடியாது. அதன் எளிமைக்கு முன் இது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை.

விக்டோரினாக்ஸும் ரிவெட் வழிதான், ஆனால் அது வேறு தத்துவம். அங்கே அலகின் அடிப்பகுதியை முதுகுப்புறத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் அலகை ரிவெட்டின் ஒரே பக்கத்தில் சாய்த்து வைப்பதால், துளையில் இருக்கும் சிறிய தளர்ச்சி கைக்குத் தெரிவதில்லை. பல கருவிகளை அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே மெல்லிய உலோகத் தகடுகள் கொடுத்து, முழு அடுக்கையும் சில ரிவெட்டுகளாலேயே பிணைத்துவிடும் இந்தக் கட்டமைப்பு, ஒவ்வொரு கருவியும் ஏறத்தாழ ஒரே விசையில் திறக்கும்படி அமைந்திருப்பதைக் கவனித்தால் தொழிற்சாலையின் ஒழுங்கு விளங்கும். பராமரிப்புக்கும் பெரிய வித்தை தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் கத்தியை அமிழ்த்தி, கருவிகளைப் பலமுறை திறந்து மூடினால் உள்ளே சேர்ந்த பஞ்சுத்தூளும் மணலும் வெளியேறிவிடும். முழுவதும் உலர்ந்த பிறகு ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒரு துளி எண்ணெய் போதும்.

ரிவெட் அச்சு தளர்ந்துபோனால் என்ன செய்வது? ரிவெட்டின் தலை வெளியே தெரியும் கத்தியாக இருந்தால், ஒரு தலையை உறுதியான எஃகின் மேல் வைத்து, மறு தலையை உருண்டை முகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு அலகை அசைத்துப் பார்த்து இறுக்கலாம். ஒரு தட்டு கூடிவிட்டால் தளர்த்துவது மிகக் கடினம். பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்கக் கூடாது. விக்டோரினாக்ஸில் ரிவெட்டின் தலைகள் பிளாஸ்டிக் மேல்தகடுகளுக்குள் மறைந்திருப்பதால், அதை நிறுவனத்தின் சேவை மையத்திடம் விட்டுவிடுவதே சரி. பொருள், தயாரிப்புக் குறைகளுக்கு ஆயுட்கால உத்தரவாதம் அவர்களிடம் உண்டு.

திருகு அச்சு வந்த பிறகே கத்தியைப் பிரித்துச் சுத்தம் செய்வது வழக்கமாயிற்று. உட்புறம் மரையிட்ட ஓர் உருளை ஒரு பக்கத்திலிருந்தும், அதற்குள் ஏறும் திருகு மறுபக்கத்திலிருந்தும் வந்து சேரும். நல்ல கத்திகளில் உருளையின் ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்டு, கைப்பிடித் துளையும் அதே வடிவில் இருக்கும். ஆகவே திருகைத் திருப்பும்போது உருளை கூடவே சுற்றாது. இது சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாத கத்தியை இறுக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். இருபுறமும் சாவி போட்டுப் பிடித்தாலும் உருளை வழுக்கிக்கொண்டே போகும்.

சாதாரணத் திருகு அச்சில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அங்கே இடைவெளியைத் தீர்மானிப்பது திருகின் இறுக்கமே. முழுவதும் இறுக்கினால் அலகு நகராது. ஆகவே எப்போதும் பாதி இறுக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. பாதி இறுக்கத்தில் நிற்கும் எந்தத் திருகும், அலகு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கழன்றுகொண்டே வரும். மரையில் பசை போடுவது இதற்காகவே.

இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்ப்பது புஷ் வைத்த அச்சு. அலகின் துளைக்குள் புஷ் எனப்படும் ஓர் எஃகுக் குழல் நுழைகிறது. அலகின் தடிமனையும் இரண்டு வாஷர்களின் தடிமனையும் கூட்டினால் வரும் அளவைவிட அந்தக் குழல் மிக மிகச் சிறிதளவு, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு என்ற வரிசையில், நீளமாக இருக்கும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் முழுவதையும் கைப்பிடித் தகடுகளும் குழலும் தாங்கிக்கொள்கின்றன. அலகுக்கும் வாஷருக்கும் கிடைக்க வேண்டிய இடைவெளி அப்படியே நிற்கிறது. இதில் பயன்படுத்துபவர் எதையும் ஊகித்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, திருகை முடிவுவரை இறுக்கினால் கத்தி பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆனால் இதற்குத் தேவையான துல்லியம் விலை உயர்ந்தது. குழல் ஓர் இம்மி குட்டையானால் அலகு இறுகும், ஓர் இம்மி நீண்டால் ஆடும், அதைத் திருகால் சரிக்கட்டவும் முடியாது.

கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா இந்த முறைக்கு நீண்ட காலமாக எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கத்தி. டைட்டானியத் தகடுகள், துளையிட்ட பாஸ்பர் வெண்கல வாஷர்கள், நடுவில் புஷ். வாஷரில் உள்ள துளைகள் கிரீஸைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முதலில் ஏமாற்றமடைவது உண்டு: அலகு பாய்ந்து திறப்பதில்லை, ஒரே சீரான தடையோடு, எண்ணெயில் அமிழ்ந்த பிஸ்டன்போல நகர்கிறது. அந்தச் சீர்மைதான் இதன் தரச் சான்று. திறக்கும் வளைவில் எந்த இடத்திலும் தடை கூடவோ குறையவோ இல்லை என்றால், எல்லாப் பரப்புகளும் இணையாக இருக்கின்றன என்று பொருள். செபென்சா 31 என்ற பதிப்பில் பூட்டும் தகட்டின் முனையில் ஒரு செராமிக் உருண்டை வைக்கப்பட்டிருக்கிறது. மடக்கிய நிலையில் அலகைப் பிடித்துவைப்பதும், திறந்த நிலையில் அலகின் அடியைத் தாங்குவதும் அதே உருண்டைதான். டைட்டானியம் எஃகோடு உரசினால் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், தேய்மானம் அதிகம் வரும் இடத்தில் செராமிக்கைக் கொண்டுவந்தது நல்ல முடிவு. வைத்திருப்பவர் தாமே பிரித்துப் பராமரிப்பார் என்ற எதிர்பார்ப்போடு கட்டப்பட்ட கத்தி இது. நான் மதிப்பிட்டவற்றில் அச்சுக்காக முதலிடம் இதற்கே.

ஸ்பைடர்கோவின் பாராமிலிட்டரி 2, 2010இல் வெளிவந்தது, புஷ் அச்சையும் பாஸ்பர் வெண்கல வாஷரையும் ஜி10 என்னும் கண்ணாடியிழைப் பலகைக் கைப்பிடியோடு சேர்த்துத் தந்தது. துல்லியத்தில் செபென்சாவுக்கு ஒரு படி கீழே என்றாலும், அன்றாட வேலைக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. பெஞ்ச்மேட் கத்திகளில் 1998 முதல் வரும் ஆக்சிஸ் பூட்டு, பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் இருவரும் உருவாக்கியது; அலகின் அடியில் ஒரு குறுக்குக் கம்பி வந்து அமர்ந்து பூட்டுகிறது. அச்சைச் சோதிப்பவருக்கு இந்தப் பூட்டு ஒரு வசதியைத் தருகிறது. மற்றப் பூட்டுகளில் அலகின் மேல் எப்போதும் ஏதோ ஓர் அழுத்தம் இருப்பதால் அச்சின் ஆட்டம் ஓரளவு மறைந்துவிடும். இங்கே குறுக்குக் கம்பியைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் அலகு அச்சில் மட்டுமே தொங்குகிறது. அந்த நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் அச்சின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

இனி பேரிங். கடையில் எடுத்துப் பார்ப்பவரை உடனே மயக்குவது இதுதான். அலகின் முதுகில் துருத்தும் சிறு நாக்கை ஒரு விரலால் தட்டினால் போதும், அலகு சீறிக்கொண்டு திறந்து பூட்டிக்கொள்கிறது. வாஷர் தன் முழுப் பரப்பாலும் உரசுகிறது; பேரிங்கிலோ உருண்டைகள் புள்ளி புள்ளியாக மட்டுமே தொட்டு உருள்கின்றன. உராய்வு குறைவதற்கும், பின்னால் வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் அந்தப் புள்ளித் தொடர்பே காரணம். அலகைப் பக்கவாட்டில் நெருக்கும்போது முழுச் சுமையும் சில புள்ளிகளின் மேல் விழுகிறது. உருண்டைகள் ஓடும் பாதை கடினமாக்கிய எஃகாக இருந்தால் தாங்கும். டைட்டானியத்தில் நேரடியாகக் குழி தோண்டி அதிலேயே உருண்டைகளை ஓடவிட்டிருந்தால், நாளடைவில் பள்ளம் விழுந்து அச்சு தளரும். ஆகவே பேரிங் கத்தி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, கைப்பிடித் தகட்டில் தனியாக எஃகு வளையம் பதித்திருக்கிறார்களா என்பதே. விளம்பரங்களில் உருண்டைகள் செராமிக் என்பது பெரிதாக எழுதப்படும். வளையத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. செராமிக் உருண்டை துருப்பிடிக்காது என்பது நன்மைதான், ஆனால் மென்மையான பாதையின் மேல் கடினமான உருண்டை ஓடுவதால் பாதைக்குத்தான் சேதம்.

அழுக்கு இன்னொரு தொல்லை. பேரிங் இருக்கும் இடத்தில் காற்றுப் புகும் அளவுக்கு வெற்றிடம் உண்டு. சட்டைப்பையின் பஞ்சுத்தூள் அங்கே போய்த் தங்கும். மணலோ மண்ணோ புகுந்தால் திறக்கும்போது நறநறவென்று கையிலேயே உணர முடியும். வாஷரில் ஒரு மணற்துகள் புகுவது கடினம். புகுந்தாலும் வெண்கலத்தில் ஒரு கீறலோடு முடியும். கடிதம், அட்டைப் பெட்டி, கயிறு என்று வறண்ட இடத்தில் வேலை செய்பவர்களுக்குப் பேரிங் கத்தி முழு மகிழ்ச்சி தரும். தோட்டம், கடற்கரை, சமையல் என்று போகிறவர்கள் வாஷரோடு நிற்பதே நல்லது. பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் கூட்டில் உருண்டைகள் அடைக்கப்பட்டிருந்தால் கழற்றுவதில் பயமில்லை. கூடு இல்லாமல் உருண்டைகளைத் தனித்தனியாகப் பள்ளத்தில் வைத்திருக்கும் கத்தியைக் கம்பளத்தின் மேல் வைத்துத் திறப்பவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

வாஷரின் பொருளும் கவனிக்கத்தக்கது. பாஸ்பர் வெண்கலம் முதலில் சற்று முரட்டுத்தனமாக இருந்து, பயன்பாட்டில் தேய்ந்து பளபளத்து, பிறகு நெடுங்காலம் ஒரே நிலையில் நிற்கும். டெஃப்லான் வாஷர் முதல் நாளிலிருந்தே வழவழப்பு. ஆனால் மென்மையானது என்பதால் அழுத்தத்தில் மெலிந்துபோகும், அப்போது திருகை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். வெண்கல வாஷரை 2000 எண் உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றினால் கத்தி வழுக்கிக்கொண்டு திறக்கும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். சாதாரணத் திருகு அச்சில் அது சரியே, குறைந்த தடிமனைத் திருகு ஈடுகட்டிவிடும். புஷ் வைத்த அச்சில் இதைச் செய்யவே கூடாது. அங்கே வாஷரின் தடிமன் குழலின் நீளத்தோடு கணக்கிடப்பட்டது; தேய்த்த அளவு முழுவதும் ஆட்டமாக மாறும்.

பராமரிப்பில் முதல் விதி, தேவையில்லாமல் பிரிக்காதிருப்பது. கத்தி இறுகினால் முதலில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். கழுவி, அழுத்தக் காற்றால் அச்சுப் பகுதியை ஊதி, முழுக்க உலர்த்தி, அலகுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு துளி எண்ணெய் விட்டுச் சில முறை திறந்து மூடினால் பெரும்பாலான குறைகள் போய்விடும். துளி என்றால் ஊசிமுனையில் நிற்கும் துளி. மிகுதியான எண்ணெய் வழவழப்பைக் கூட்டுவதில்லை, தூசியைத்தான் கூட்டி வருகிறது. உணவை வெட்டும் கத்திக்கு உணவுத் தர மினரல் எண்ணெய் பொருத்தமானது; சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 என்பது பெயரிலேயே நீரை வெளியேற்றுவதற்கான நாற்பதாவது கலவை. நனைந்த கத்தியிலிருந்து ஈரத்தை விரட்ட அது உதவும், ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் அதற்குப் பிறகு நல்ல எண்ணெய் விட வேண்டும். பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், புஷ்ஷும் அகன்ற வாஷரும் உள்ள கத்திக்கு மெல்லிய கிரீஸ் என்பது என் பழக்கம். பேரிங்கில் கெட்டியான கிரீஸ் போட்டால் அது எதற்காக வாங்கப்பட்டதோ அந்த வேகம் போய்விடும்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால் சாவியில் சிக்கனம் கூடாது. பெரும்பாலான கத்திகளில் டி6, டி8, டி10 அளவு டார்க்ஸ் திருகுகள் இருக்கும். நட்சத்திர வடிவக் குழியில் தளர்வாக அமரும் மட்டமான சாவி, ஒரே திருப்பில் குழியின் முனைகளைச் சிதைத்துவிடும். சிதைந்த டி6 திருகைக் கழற்றுவது கத்தியைத் தீட்டுவதைவிடப் பெரிய வேலை. திருகு அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாமல், மரைப்பசை இருக்கிறது என்று எண்ணி, சூடான சால்டரிங் முனையைத் திருகின் தலையில் மட்டும் சற்று நேரம் வைத்துப் பசையை இளக்க வேண்டும். கூர்விளிம்பில் முன்னதாகவே நாடா ஒட்டிவிடுவது நல்லது. வாஷர்களைக் கழற்றும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் அலகை நோக்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தேய்ந்து ஒன்றோடொன்று பழகிய பரப்புகளை மாற்றி வைத்தால் மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் உருளை, துளை, வாஷர் எல்லாவற்றையும் துடைக்கும்போது கார்பன் எஃகு அலகாக இருந்தால் அச்சுத் துளையின் உள்விளிம்பில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து அது தெரியாது.

மறுபடி பூட்டும்போது கைப்பிடித் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உடல் திருகுகளை முழுதும் இறுக்காமல் வைத்து, அச்சை இறுக்கி, மடக்கிய அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றை இறுக்க வேண்டும். அலகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைப் பலர் அச்சின் குறை என்று எண்ணி அச்சையே மேலும் மேலும் இறுக்குகிறார்கள். பெரும்பாலும் அது உடல் திருகுகள் சமமில்லாமல் இறுகியதால் வருவது. அலகு பக்கவாட்டில் ஆடினால் அச்சைப் பார்க்க வேண்டும், மேலும் கீழுமாக ஆடினால் பூட்டைப் பார்க்க வேண்டும். பூட்டு தேய்ந்த கத்தியின் அச்சை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் நிற்காது, அதை நம்பி வேலை செய்வதும் ஆபத்து.

மரைப்பசையில் நீல நிற லாக்டைட் 243 அல்லது அதைவிட மென்மையான ஊதா நிற 222 போதும். சிவப்பு வகை கத்திக்கு உரியதல்ல. எண்ணெய்ப் பசை நீக்கிய திருகின் மரையில் மட்டும், முனையிலிருந்து ஒன்றிரண்டு சுற்றுக்குத் தொட்டு வைக்க வேண்டும். இந்தப் பசை காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொடும்போதே இறுகும் வகை. ஆகவே மிகுதியாகப் போட்டால் உருளை வழியே வழிந்து வாஷருக்குப் போய், அங்கே அலகையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சில வகைப் பிளாஸ்டிக் கைப்பிடிகளில் பட்டால் வெடிப்பும் விடலாம். முழு வலிமை பெற 24 மணி நேரம் ஆகும், அதுவரை அச்சைத் திருத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு என்பதால், சாவியை எடுப்பதற்கு முன் கத்தியோடு வந்த தாளைப் படித்துவிட வேண்டும். அப்படி எழுதியிருந்தால், உத்தரவாதக் காலம் முடியும்வரை கழுவுவதோடும் எண்ணெயோடும் நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய குறைக்குக் கத்தியைச் செய்தவர்களுக்கே அனுப்பிவிடலாம்.